எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு வளைகாப்பு

டீ வந்தது. யாரும் எடுக்கவில்லை.

தாசில்தார் அம்மாவின் அறையில் நீளமாக ஒரு மேசை. இந்தப் பக்கம் எங்கள் கிழக்குத் தெரு ஆண்கள், அந்தப் பக்கம் மேற்குத் தெரு ஆண்கள். எல்லாருக்கும் வெள்ளை வேட்டி, எல்லாருக்கும் நெற்றியில் பட்டையாக விபூதி. இரண்டு மூன்று பேருக்கு விபூதிக்கு மேலே பிளாஸ்திரி. தட்டைக் கொண்டுவந்த மனிதர் எந்தப் பக்கம் முதலில் நீட்டுவது என்று தெரியாமல் நின்றார். "யாருக்காவது குடுங்க" என்றார் தாசில்தார் அம்மா, காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

அந்தப் பெண்ணுக்கு வெளியூர். எங்கள் ஊரில் "யாருக்காவது" என்று ஒரு ஆள் கிடையாது.

தட்டு நடுவில் உட்கார்ந்துவிட்டது. டீயில் ஆடை படிந்தது. ஒரு ஈ வந்து முதல் மரியாதையை ஏற்றுக்கொண்டது. பக்கத்துக்கு ஒரு பெண் வரவேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தார்கள். அதனால் கிழக்குத் தெருவுக்கு நானும், மேற்குத் தெருவுக்கு என் சம்பந்தியம்மா காமாட்சியும் போயிருந்தோம். எனக்குச் சர்க்கரை வியாதி, டீ ஆகாது. ஆனாலும் எழுந்து இரண்டு கப்பை எடுத்தேன். ஒன்றை எதிரே காமாட்சியிடம் நீட்டினேன். இரண்டு பேரும் ஒரே மூச்சில் குடித்தோம்.

உடனே என் கொழுந்தன் கோவிந்தராசு தாசில்தாரிடம் ஒரு விண்ணப்பம் வைத்தார். பெண்கள் குடித்தது முதல் டீயாக எடுத்துக்கொள்ளப்படக் கூடாதாம். எதிர்ப்பக்கம் நல்லதம்பி, அதாவது காமாட்சியின் புருஷன், அதை ஆமோதித்தார். அன்றைக்கு முழுக்க அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

நடக்காத திருவிழா

எதற்காக அந்த மேசைக்குப் போனோம் என்பதைச் சொல்லவேண்டும்.

எங்கள் ஊர் லால்குடிப் பக்கம். மெயின் ரோட்டை விட்டு உள்ளே வரவேண்டும். நடுவில் மாரியம்மன் கோயில், கிழக்கே ஒரு தெரு, மேற்கே ஒரு தெரு. இரண்டு தெருவும் ஒரே சனம்; காலங்காலமாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். கிழக்குத் தெருவுக்கு என் கொழுந்தன் பெரிய மனிதர். மேற்குத் தெருவுக்கு நல்லதம்பி பெரிய மனிதர். என் ஒரே மகள் செல்வியை நல்லதம்பி வீட்டில்தான் கொடுத்திருக்கிறேன். என் வாசலிலிருந்து அவள் வாசலுக்கு, முட்டி வலிக்கிற நாளிலும் வெற்றிலை மென்று துப்புவதற்குள் போய்விடலாம்.

பங்குனித் திருவிழாவில் அம்மனுக்குச் சாத்திய பட்டுத் துணியை எடுத்து ஒரு தெருப் பெரியவர் தலையில் பூசாரி பரிவட்டம் கட்டுவார். ஒரு வருஷம் கிழக்கு, மறு வருஷம் மேற்கு. ஒரு முழம் பழைய பட்டு, அதுவும் எலி கடித்தது. இந்த ஏற்பாட்டில் எத்தனையோ தலைமுறை நிம்மதியாகக் கழிந்தது.

கொரோனா வந்தது. அந்த வருஷம் மேற்குத் தெரு முறை. கோயிலைப் பூட்டிவிட்டார்கள், திருவிழா இல்லை. மறு வருஷம் காப்பு கட்டும்போதுதான் ஊருக்கு அந்தப் பெரிய சந்தேகம் வந்தது. நடக்காத திருவிழா நடந்ததாக அர்த்தமா, இல்லையா? உங்கள் முறை பூட்டிய கோயிலோடு போய்விட்டது, இது எங்கள் முறை என்றது கிழக்கு. கட்டாத பரிவட்டம் எப்படிப் போகும், இன்னும் எங்கள் முறைதான் என்றது மேற்கு. அந்த நோயில் இரண்டு தெருவிலும் சாவு விழுந்தது. செத்தவர்களைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக யாரும் யோசிக்கவில்லை.

காப்பு கட்டிவிட்டால் ஊருக்குள் சண்டை கூடாது, கறி கூடாது, எல்லையைத் தாண்டி ராத் தங்கல் கூடாது. மஞ்சள் கயிறு மணிக்கட்டில் இருக்க, அதே கையால்தான் அடித்துக்கொண்டார்கள். கம்பு கத்தி எதுவும் இல்லை. சாமி காரியத்துக்கு வந்தவர்கள் அல்லவா? ஆரத்தித் தட்டால் அடித்தார்கள். உடைக்க வைத்திருந்த தேங்காயால் அடித்தார்கள். அம்மன் முன்னால் சிதறவேண்டியது ஒருத்தர் மகன் மண்டையிலும் இன்னொருத்தர் மருமகன் மண்டையிலும் சிதறியது.

நடுவில் சின்னையன் நின்று பறை அடித்துக்கொண்டிருந்தார். காலனிக்காரர். எங்கள் அம்மனுக்கு அவர் அடித்தால்தான் அருள் வரும். கூட்டம் ஆவேசமாகக் கத்தவும், அம்மன் வந்துவிட்டாள் என்று நினைத்து அவர் இன்னும் வேகமாக அடித்தார். அவர் வேகத்துக்கு இவர்களும் வேகமானார்கள். கடைசியில் பறை கிழிந்தது. அவருடைய வலது மணிக்கட்டும் உடைந்தது.

அமைதிப் பேச்சுவார்த்தைக்குச் சின்னையனை யாரும் கூப்பிடவில்லை. அவர் எந்தத் தெருவும் இல்லையாம்.

தாசில்தார் அம்மா கெட்டிக்காரி. இரண்டு பட்டு வாங்கி இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கட்டிவிடலாமே என்றார். நல்லதம்பி மரியாதையாகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பூசாரியின் வலது கை எந்தத் தலைக்கு, இடது கை எந்தத் தலைக்கு என்று கேட்டார்.

அந்த அம்மா பேனாவை மூடிவைத்தார்.

மாமி வீட்டுத் தீர்த்தம்

நான் முப்பது வருஷத்துக்கு மேலாக ஸ்ரீரங்கத்தில் வாழை இலை விற்கிறேன். விடியலில் பஸ் ஏறிக் கொள்ளிடம் பாலம் தாண்டினால் கோபுரம் தெரியும். எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் எந்த வீட்டில் எத்தனை நுனி இலை போகும், எந்த வீட்டில் நுனியில்லாத ஏடு போதும் என்பதை வைத்தே அந்த வீட்டுக் குட்டு முழுவதையும் சொல்லிவிடுவேன்.

உத்தர வீதியில் ஒரு மாமி என் வாடிக்கை. எங்கள் ஊர்க் கதையைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "எங்களவாள்ல மட்டும் என்ன வாழறதாம்" என்றார். அவர்கள் சின்னக் கோயில் ஒன்றில் பெருமாள் தீர்த்தம் கொடுக்கும்போது அவர் மாமனாருக்கு முதலில் கொடுப்பதா, மாமனாரின் தம்பிக்கு முதலில் கொடுப்பதா என்று தகராறாம். ஒரு உத்தரணி, அதாவது ஒரு சின்னக் கரண்டித் தண்ணீர். அண்ணனும் தம்பியும் சாகும்வரை பேசவில்லை.

"அடிதடி ஆச்சா மாமி?" என்று கேட்டேன்.

"சீச்சீ. அடிக்கறதெல்லாம் கிடையாது. ஒருத்தர் போனப்போ இன்னொருத்தர் ஸ்நானம் பண்ணலை. அவ்வளவுதான்."

பரவாயில்லை என்று நினைத்தேன். எங்கள் ஆட்கள் மண்டையை உடைத்தாலும் சாவுக்கு வந்துவிடுவார்கள்.

தண்ணீரும் நெருப்பும்

நினைத்தது தப்பாகிவிட்டது.

தாலுகா ஆபீசிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலமே ஆண்கள் கோயிலில் கூடினார்கள். இனிமேல் வம்பே வேண்டாம், அமைதியாக இருப்போம் என்று முடிவானது. நல்ல காரியம் என்று நான் அடுப்பு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அமைதிக்கு அவர்கள் கண்டுபிடித்த வழி இது: பூசாரி தட்டில் சூடம் கொளுத்தினார். இரண்டு தெருப் பெரியவர்களும் அதை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். "அம்மன் எல்லைக்குள்ள, கிழக்குத் தெரு தண்ணியையும் நெருப்பையும் மேற்கு தொடாது, மேற்குத் தெரு தண்ணியையும் நெருப்பையும் கிழக்கு தொடாது." அதாவது ஒருத்தர் வீட்டுத் தண்ணீரும் அடுப்பில் வெந்த சோறும் மற்றவருக்கு ஆகாது.

சூடத்தை முதலில் அணைத்தது யார் என்று கேட்காதீர்கள். இரண்டு சூடம் வைத்தார்களாம்.

அது என்ன "எல்லைக்குள்ள" என்று எனக்கு அப்போது புரியவில்லை. பிற்பாடு புரிந்தது. மெயின் ரோட்டில் ஒயின் ஷாப் இருக்கிறது. அது எல்லைக்கல்லைத் தாண்டி இருக்கிறது. இரண்டு தெரு ஆண்களும் பல வருஷமாக அங்கே ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாக்கெட் சுண்டலைத் தின்கிறவர்கள். அம்மனுக்குச் சத்தியம் செய்கிற அவசரத்திலும் அந்தப் பெஞ்சை மறக்காமல் வெளியே எடுத்துவைத்திருந்தார்கள்.

பெண்களுக்கு எல்லைக்கு வெளியே பெஞ்சு இல்லை.

செல்விக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். சமயபுரத்துக்கு நான் நடக்காத நடை இல்லை, ஈரப்புடவையோடு உருளாத பிரகாரம் இல்லை. அந்தச் சண்டை நடந்த பங்குனியில்தான் அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. மருமகன் துபாயில். தலைப்பிரசவம் தாய் வீட்டில் பார்ப்பதுதான் முறை. ஏழாம் மாதம் வளையல் போட்டு, அன்றைக்கே அழைத்து வந்துவிடவேண்டும். என் வீடு கிழக்குத் தெரு. அவள் இப்போது மேற்குத் தெரு. என் கையால் ஒரு வாய் தண்ணீர் குடித்தால் அம்மன் கோபம் அவள் வயிற்றில்தான் விழும் என்று பூசாரி சொல்லிவிட்டார்.

சிரிக்கிறவள்தான் நான். ஆனால் ஏழு வருஷம் காத்திருந்த பிள்ளையை வைத்துப் பரீட்சை பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

போனில் பேசலாம். தண்ணீரும் நெருப்பும்தானே கூடாது, செல்போனைப் பற்றி யாரும் சத்தியம் செய்யவில்லை. மகள் போன் செய்வாள். என் வீட்டு ரசம் கொதிக்கிற வாசனை அவள் கொல்லைவரை வருகிறது என்பாள். நான் அடுப்பை அணைத்துவிடுவேன்.

ஆறு குறுக்கே நின்றது

உத்தர வீதி மாமிக்கு விஷயம் தெரிந்து, எங்காத்துக் கூடத்தில் வைத்துச் செய்யேன், அம்மா மண்டபத்தில் காவேரிக்கு மஞ்சள் குங்குமம் போட்டுவிட்டுப் போகலாம் என்றார். எல்லைக்கு வெளியே, நல்ல இடம், பெரிய மனசு. சந்தோஷத்தில் அன்றைக்கு அவருக்கு இரண்டு நுனி இலை கூடுதலாக வைத்தேன்.

காமாட்சிக்குப் போன் போட்டேன். அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். "சம்பந்தி, நடுவுல கொள்ளிடம் இருக்கே. அஞ்சு மாசத்துக்கு மேல வயித்துப் புள்ளக்காரி ஆறு தாண்டக் கூடாதுன்னு தெரியாதா?"

தெரியும். என் அம்மாவே எனக்குச் சொன்னதுதான்.

லால்குடியில் மண்டபம் பிடிக்கலாமா என்றேன். அடுப்பு எரியாத இடத்தில் வளையல் போடக் கூடாது, குடும்பம் நடக்கிற வீடாக இருக்கவேண்டும் என்றாள். அதுவும் முறைதான். காமாட்சி வேண்டுமென்று தடுக்கவில்லை. அவளுக்கும் பேரப்பிள்ளை வேண்டும், பயமும் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சாஸ்திரத்தில் ஓட்டை தேடினோம். ஒயின் ஷாப் அளவுக்குப் பெரிய ஓட்டையை ஆண்கள் ஒரே நிமிஷத்தில் போட்டுவிட்டார்கள். எங்களுக்கு ஊசி நுழைகிற ஓட்டை கிடைக்கவில்லை.

முத்தம்மா கேட்டது

பஸ் நிறுத்தம் எல்லைக்கல்லை ஒட்டி இருக்கிறது. கல்லுக்கு அந்தப் பக்கம் காலனி. ஒரு காலையில் இலைக்கட்டோடு நின்றேன். சின்னையன் பெண்சாதி முத்தம்மா வேலைக்குப் போக அங்கே நின்றாள். என் வயதுதான் இருக்கும். சின்னையன் கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். சோறு அள்ள வருது, குச்சி பிடிக்க வரலை என்றாள். பிறகு செல்வியைப் பற்றி விசாரித்தாள். என் ஆற்றாமையை எல்லாம் கொட்டினேன். ஆற்றுக்கு இந்தப் பக்கம், எல்லைக்கு வெளியே, அடுப்பு எரிகிற வீடாக ஒன்று வேண்டுமே, எங்கே போவேன் என்றேன்.

முத்தம்மா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க தெரு எல்லைக்கு வெளியிலதானங்கம்மா இருக்கு? காலங்காலமா நீங்கதான் சொல்றீங்க. எங்க வீட்டு அடுப்பும் எரியத்தான் செய்யுது."

என் பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்த பஸ்ஸும் போனது. இலை வாடுகிறது, ஸ்ரீரங்கத்தில் ஆட்கள் காத்திருப்பார்கள் என்று தெரிகிறது, கால் நகரவில்லை. அத்தனை வருஷம் அந்தக் கல்லருகே நின்று பஸ் ஏறியிருக்கிறேன். கல்லைத் தாண்டி அந்தத் தெருவுக்குள் ஒரு நாள் போனதில்லை. யாரும் போகக் கூடாது என்று எனக்குச் சொன்னதில்லை. யாரும் சொல்லவேண்டியும் இருந்ததில்லை.

மூன்றாவது பஸ்ஸில் ஏறும்போது, வெள்ளிக்கிழமை வச்சுக்கலாமா என்று கேட்டேன். "எங்களுக்கு எல்லாக் கிழமையும் ஒண்ணுதான்" என்றாள்.

அன்றைக்கே காமாட்சிக்குப் போனில் சொன்னேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வருவதா, சாதாரணப் புடவையா என்று கேட்டாள்.

கல்லருகே ஆண்கள்

ஏழு வகைச் சோறு நானே செய்தேன். புளிச்சோறு, எலுமிச்சை, தேங்காய், தயிர், எள்ளு, மாங்காய், சர்க்கரைப் பொங்கல். எல்லைக்கு வெளியே தின்னலாம் என்பதால் சத்தியத்துக்குப் பங்கம் இல்லை. ஆட்டோவில் ஏற்றும்போது, தண்ணீர் கேன் ஒன்றையும் ஏற்றினேன். ஏன் ஏற்றினாய் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் வெயிலாக இருக்கிறதே என்று சொல்லியிருப்பேன்.

முத்தம்மா வாசல் தெளித்து, இழைக் கோலம் போட்டு, மாவிலை கட்டியிருந்தாள். கேனை இறக்கும்போது பார்த்தாள். "எங்க வீட்டுல கொழாய் இருக்குதும்மா" என்றாள். கேனை நிழலில் நகர்த்தி வைத்தாள்.

இரண்டு தெருப் பெண்களும் வந்தார்கள். ஆறு மாதம் பேசாதவர்கள் முதலில் புடவை விலையைப் பேசினார்கள், அப்புறம் அவரவர் மாமியாரைப் பேசினார்கள், அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. செல்வியை மணையில் உட்காரவைத்துக் கன்னத்தில் சந்தனம் பூசினோம். கண்ணாடி வளையல் கை நிறைய ஏறியது. ஃபேன் ஓடவில்லை. பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டியது. தண்ணீ என்றாள். நான் கேனிடம் போவதற்குள் முத்தம்மாவின் மருமகள் சொம்பை நீட்டினாள். செல்வி அண்ணாந்து, நிறுத்தாமல், அடிவரை குடித்தாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள். பிறகு அவர்களுக்கும் தாகம் எடுத்தது.

இந்த நேரத்தில் ஆண்கள் எல்லைக்கல் அருகே வந்து நின்றுவிட்டார்கள். இரண்டு தெரு ஆண்களும். கல்லுக்கு அந்தப் பக்கம், அம்மன் எல்லைக்குள், வேகாத வெயிலில். வேடிக்கை என்னவென்றால் அவர்களைத் தடுக்க ஒரு சத்தியமும் இல்லை. எல்லைக்கு வெளியே தண்ணீர் குடிக்கலாம், ஒயின் ஷாப்பில் தினமும் குடிக்கிறவர்கள்தான். ஒரு எட்டு வைத்தால் நிழல், சோறு, பாயசம். வைக்கவில்லை.

இதற்கு யாரும் சூடம் அணைத்ததில்லை. பூசாரி சொல்லிக்கொடுத்ததில்லை. தாசில்தார் எழுதிக் கையெழுத்து வாங்கியதில்லை. ஆனால் அணைத்த சத்தியத்தில் எல்லாம் ஓட்டை இருந்தது. அணைக்காத இந்த ஒன்றில்தான் ஓட்டையே இல்லை.

ஒரு மணி நேரத்தில் ஒரு பரிகாரம்

சடங்கு முடிந்தது. பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போகவேண்டும். சத்தியத்துக்கு என்ன வழி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு கல்லருகே வந்தேன். கொழுந்தன் குறுக்கே நின்றார்.

"அண்ணி, புள்ளைய அவங்க வீட்டுக்கே அனுப்பிடுங்க. சத்தியம் இருக்கு. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"வளையல் போட்ட பொண்ணு புருஷன் வீட்டுக்குத் திரும்பக் கூடாது தம்பி. அதுவும் சாமி காரியந்தான?"

"அப்ப என்னதான் பண்றது?"

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். முத்தம்மா வீட்டுல ஒரு ரூம் சும்மா கெடக்கு. நானும் செல்வியும் இங்கயே இருந்துக்கறோம். புள்ள பொறந்ததும் சொல்லி அனுப்புறேன். ரெண்டு பெரிய மனுசனும் வந்து இங்கயே பாருங்க."

திரும்பி நடந்தேன். செல்வி பயந்துபோய் என்னைப் பார்த்தாள். முத்தம்மாவின் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கல்லருகே சத்தம் எழுந்தது. கிழக்குத் தெருப் பெரியவரின் அண்ணன் மகளும், மேற்குத் தெருப் பெரியவரின் மருமகளுமான ஒருத்தி காலனியில் பிள்ளை பெற்றால் எந்தத் தெரு வெளியில் தலைகாட்டுவது? கோவிந்தராசுவும் நல்லதம்பியும் ஆறு மாதத்தில் முதல் தடவையாக எல்லைக்குள்ளேயே நேருக்கு நேர் பேசினார்கள். "என்ன மச்சான் செய்யலாம்" என்று நல்லதம்பி கேட்டது என் காதில் விழுந்தது. பூசாரியை வண்டியில் போய்க் கூட்டிவந்தார்கள்.

பூசாரிக்குப் பரிகாரம் முன்னாலேயே தெரிந்திருக்கிறது. எல்லையில் ஒரு கிடா வெட்டி, இரண்டு பெரியவர்களும் ரத்தத்தைத் தொட்டு மன்னிப்புக் கேட்டால் சத்தியம் தீர்ந்துவிடுமாம். இதை ஆறு மாதத்துக்கு முன்னால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, யாரும் கேட்கவில்லை என்றார். அரசாங்கம் மேசை போட்டு, டீ வாங்கி, பேனாவைத் தேய்த்தும் வராத சமாதானம் ஒரு மணி நேரத்தில் வந்தது. கிடாவின் தலை யாருக்கு என்று ஒரு சின்னத் தள்ளுமுள்ளு வந்தது. பூசாரி தானே எடுத்துக்கொண்டார். மனிதன் மண்டையை உடைத்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எந்தத் தெருவிலும் சேராமல் சும்மா மேய்ந்துகொண்டிருந்த ஆட்டுக்குத்தான் தலை போயிற்று. எங்கள் ஊரில் அமைதி என்றால் யாரோ ஒருவர் கழுத்தை நீட்டவேண்டும்.

செல்வியை வீட்டுக்கு அழைத்து வந்தேன். அன்றைக்கு ராத்திரி ரசம் வைத்தேன். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

ஒரு இலை

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். பதினாறாம் நாள் பெயர் வைக்கிற விசேஷத்துக்கு ஊரை அழைத்தேன். கடைசியாக முத்தம்மா வீட்டுக்குப் போனேன். வெற்றிலை பாக்கு வைத்து, உன் வாசலால்தான் எல்லாம் நடந்தது என்று பெருமையாக ஆரம்பித்தேன்.

அவள் வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள். "எங்க வீட்டக் காட்டித்தானம்மா அவங்கள மிரட்டுனீங்க."

ஸ்ரீரங்கத்தில் எத்தனையோ பேரிடம் பேரம் பேசிய வாயால், பாக்கு இன்னும் வேண்டுமா என்று கேட்டேன்.

"பேய் வீட்டக் காட்டுற மாதிரி காட்டுனீங்க. அவங்களும் பயந்தாங்க. சரி, காரியம் நடந்துச்சு, புள்ள நல்லாருக்கட்டும்." வெற்றிலையை மடியில் வைத்தாள். "வந்தா எங்க உக்காரட்டும்?"

"உள்ள" என்றேன். சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு எடுத்தேன். அந்த மூச்சை அவள் பார்த்துவிட்டாள்.

விசேஷத்தன்று சின்னையனும் முத்தம்மாவும் வந்தார்கள். வாசலில் கூட்டம். அவர்கள் படியில் நின்றார்கள். நான் கூடத்திலிருந்து எழுந்துபோய் முத்தம்மாவின் கையைப் பிடித்தேன். உள்ளே கூட்டிவந்து என் பக்கத்தில் உட்காரவைத்துக் குழந்தையை மடியில் போட்டேன். சின்னையனுக்கு நல்லதம்பி தள்ளி உட்கார்ந்து பாயில் இடம் விட்டார். ரொம்பத் தள்ளித்தான் உட்கார்ந்தார். ஆனாலும் உட்கார்ந்தார்.

என் கொழுந்தன் மட்டும் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, விறுவிறுவென்று வெளியே போய் வாசலில் நின்றுகொண்டார். உள்ளே வாங்க சித்தப்பா என்று செல்வி கூப்பிடப் போனாள். நான் வேண்டாம் என்று கையமர்த்தினேன்.

பந்தி போட நேரம் ஆனது. பரிமாறுகிற பெண், பெரியவர் சாப்பிட வரமாட்டேன் என்கிறாரே என்று வந்து நின்றாள். கட்டிலிருந்து நல்ல நுனி இலையாக ஒன்றை உருவிக் கொடுத்து, அவருக்கு வாசலிலேயே போடச் சொன்னேன்.